இண்டியானா கொலம்பஸில் அரசு உயர்நிலைப்பள்ளி: மகளைப் பத்தாம் வகுப்பில் சேர்ப்பதா, பதினொன்றிலா?

திருநகர்க்காரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் கணவர் புணேயில் ஓர் எஞ்சின் உற்பத்தி நிறுவனத்தில் பொறியாளராக இருக்கிறார். 2026 ஜூலையில் அவரை எல்-1 விசாவில் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்துக் கொலம்பஸுக்கு மாற்றுகிறார்கள். நானும் மகளும் எல்-2 விசாவில் உடன் செல்கிறோம். ஒஹாயோ மாநிலத்தின் தலைநகரான பெரிய கொலம்பஸ் அன்று இது; ஏறத்தாழ 50,000 பேர் வாழும் சிற்றூர், மக்கள்தொகையில் நம் திருமங்கலம் அளவுதான் இருக்கும்.

மகளுக்கு மார்ச்சில் 15 வயது நிறைந்தது. மதுரையில் அரசு உதவி பெறும் பள்ளியொன்றில், ஆங்கில வழியில், மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதியிருக்கிறாள். மருத்துவமா பொறியியலா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவில்தான் சேர விரும்பினாள்.

என் ஐயங்கள் இவை. அங்கே அவளைப் பத்தில் சேர்ப்பார்களா, பதினொன்றில் சேர்ப்பார்களா? அதை முடிவு செய்வது யார்? இங்கே வாங்கிய மதிப்பெண்களை அவர்கள் எப்படிக் கணக்கில் கொள்கிறார்கள்? மூன்று ஆண்டுகளில் நாங்கள் திரும்பிவிட்டால் இங்குள்ள கல்லூரிச் சேர்க்கையில் அவளுக்குச் சிக்கல் வருமா? இவை தவிர வீட்டில் ஒரு கேள்வியும் இருக்கிறது. "அமெரிக்கா வரை போய் அரசுப் பள்ளியிலா பிள்ளையைச் சேர்ப்பாய், என்னிடம் விட்டுவிட்டுப் போ, பிளஸ் டூ முடித்துவிட்டு வரட்டும்" என்கிறார் அவளுடைய அப்பத்தா. (அப்பத்தா படித்தது மாநகராட்சிப் பள்ளியில். அதை நினைவூட்டும் துணிவு எனக்கு இல்லை.)

—

உசிலம்பட்டியான் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். நாங்கள் ஒன்பது ஆண்டுகளாக இண்டியானாவில் இருக்கிறோம். மூத்தவன் இங்கே பள்ளியை முடித்துவிட்டான், இளையவள் படித்துக்கொண்டிருக்கிறாள்.

முதலில் அப்பத்தாவின் கேள்விக்கு வருகிறேன். இண்டியானாவில் பள்ளி மாவட்டத்துக்குச் சட்டப்படியான பெயரே 'ஸ்கூல் கார்ப்பரேஷன்' என்பதுதான். நீங்கள் போகும் ஊரில் இருப்பது பார்த்தோலோமியு கன்சாலிடேட்டட் ஸ்கூல் கார்ப்பரேஷன்; கொலம்பஸ் நார்த், கொலம்பஸ் ஈஸ்ட் ஆகிய இரண்டு பெரிய உயர்நிலைப்பள்ளிகளும் அதன் கீழ் வருகின்றன. ஆகவே மகள் மதுரைப் பேச்சுவழக்கின்படியே கார்ப்பரேஷன் பள்ளியில்தான் படிக்கப் போகிறாள் என்று அவரிடம் தயங்காமல் சொல்லலாம். ஆனால் நம் ஊரில் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஏளனம் இங்கே இல்லை. சிறிய ஊர்களில் மருத்துவரின் பிள்ளையும் தொழிற்சாலைத் தொழிலாளியின் பிள்ளையும் பெரும்பாலும் ஒரே பள்ளிக்குத்தான் போகிறார்கள். ஆசிரியர் சம்பளம் உள்ளிட்ட பெரும்பகுதிச் செலவை மாநில அரசு ஏற்கிறது; கட்டடத்துக்கும் பேருந்துக்கும் உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து பணம் வருகிறது; பள்ளி வாரிய உறுப்பினர்களை ஊர் மக்களே தேர்தலில் தேர்ந்தெடுக்கிறார்கள்.

கொலம்பஸுக்கென்று ஒரு தனிச் சிறப்பும் உண்டு. அங்கே தலைமையகம் கொண்டுள்ள கம்மின்ஸ் என்ற எஞ்சின் நிறுவனத்தின் அறக்கட்டளை, 1950களின் பிற்பகுதியிலிருந்து, தலைசிறந்த கட்டடக் கலைஞர்களைக் கொண்டு பள்ளி கட்டினால் அவர்களுடைய கட்டணத்தைத் தானே தருவதாக ஏற்றுக்கொண்டது. அதனால் அந்தச் சிற்றூரின் பள்ளிக் கட்டடங்களைக் காணவே வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். ஈஸ்ட் பள்ளி 1972இல் மிட்செல்-ஜுர்கோலா நிறுவனத்தின் வடிவமைப்பில் எழுந்தது.

கட்டணம் கிடையாது. எல்-2, எச்-4 என்று பெற்றோரின் பணி விசாவைச் சார்ந்த விசாவில் வரும் பிள்ளைகள் உள்ளூர்ப் பிள்ளைகளைப் போலவே இலவசமாகப் படிக்கலாம். எஃப்-1 மாணவர் விசாவில் வருவோருக்குத்தான் அரசு உயர்நிலைப்பள்ளியில் 12 மாத வரம்பும் முழுச்செலவைக் கட்டும் நிபந்தனையும் உள்ளன. இணையத்தில் அதைப் படித்துவிட்டுக் குழம்பாதீர்கள். இண்டியானாவில் பாடநூலுக்கு வாடகை வாங்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது, அதுவும் 2023-24 கல்வியாண்டில் ஒழிந்தது. உங்களிடம் கேட்கப்படும் முக்கியமான சான்று முகவரிதான். வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே, அந்த முகவரிக்கு எந்தப் பள்ளி என்று மாவட்ட அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி வகுப்பு. நம் ஊரில் 'பத்தாம் வகுப்பு' என்றால் ஓர் அறை, நாற்பது பிள்ளைகள், எல்லோருக்கும் ஒரே பாடம், ஆண்டு முடிவில் ஒரே தேர்வு. இங்கே உயர்நிலைப்பள்ளி ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு ஆண்டுகள். ஆனால் பிள்ளை எந்த வகுப்பு என்பதைவிட எந்தெந்தப் பாடத்தில் எத்தனை கிரெடிட் சேர்த்திருக்கிறாள் என்பதே கணக்கு. ஒரு பாடத்தை ஒரு செமஸ்டர் படித்துத் தேறினால் இண்டியானாவில் ஒரு கிரெடிட். பள்ளியை முடித்ததற்குத் தரும் சான்றைப் பட்டயம் என்கிறேன்; 'கோர் 40' என்ற பழைய பட்டயத்துக்குக் குறைந்தது 40 கிரெடிட் வேண்டும். அதில் ஆங்கிலம் 8, கணிதம் 6, அறிவியல் 6, சமூக அறிவியல் 6. இந்தச் சமூக அறிவியலில் அமெரிக்க வரலாறும் அமெரிக்க அரசமைப்பும் கட்டாயம். உடற்கல்விக்கும் உடல்நலக் கல்விக்கும் தனியாக கிரெடிட் உண்டு. 2029இல் முடிக்கும் மாணவர்களிலிருந்து இதற்குப் பதிலாக 42 கிரெடிட் கொண்ட புதிய பட்டயம் வருகிறது. உங்கள் மகள் இந்த ஆகஸ்டில் பத்தில் சேர்ந்தால் 2029இல் முடிப்பாள், எனவே புதிய பட்டயம். பதினொன்றில் சேர்ந்தால் 2028, பழைய பட்டயம். பள்ளியின் கவுன்சிலரிடம் பேசும்போது இதை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

முடிவெடுப்பது பெரும்பாலும் அந்தக் கவுன்சிலர்தான். நம் ஊரில் இல்லாத பதவி இது. நெறியாளர், எழுத்தர், பாதி தலைமையாசிரியர் ஆகிய மூன்றும் கலந்த ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயதைப் பார்த்தால் உங்கள் மகள் பத்துக்கு உரியவள். நம் பிள்ளைகள் ஐந்து வயதில் ஒன்றாம் வகுப்புக்குப் போய்விடுவதால் இங்குள்ளோரைவிட ஓராண்டு முந்திக்கொண்டிருப்பார்கள். நான் பத்தில்தான் சேர்க்கச் சொல்வேன். மூன்று ஆண்டு கிடைத்தால் வரலாறு, அரசமைப்பு, உடற்கல்வி என்று கட்டாயப் பாடங்களை நெருக்கடியில்லாமல் முடிக்கலாம். கல்லூரி விண்ணப்பத்துக்கு இரண்டரை ஆண்டு மதிப்பெண் இருக்கும். பதினொன்றில் சேர்ந்தால், இறங்கிய சில மாதங்களிலேயே கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வு வந்துவிடும், இண்டியானாவில் பதினொன்றாம் வகுப்பு மாணவர் அனைவரும் பள்ளியிலேயே அதை எழுதுகிறார்கள்.

கணிதத்தில் மிகுந்த கவனம் தேவை. எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். நாங்கள் முதலில் வேறொரு சிற்றூரில் இருந்தோம். அங்குள்ள பள்ளியில் மகனின் மதிப்பெண் பட்டியலைப் பார்த்த கவுன்சிலர், 'கணிதம்' என்று மட்டும் இருக்கிறதே, இது அல்ஜீப்ரா ஒன்றா, ஜாமெட்ரியா, அல்ஜீப்ரா இரண்டா என்று கேட்டார். இங்கே கணிதத்தை ஆண்டுக்கு ஒன்றாகப் பிரித்து, அந்த வரிசையில் பாடமாக வைத்திருக்கிறார்கள். நம் பாடநூலில் எல்லாம் கலந்தே இருக்கும் என்று விளக்க எனக்குத் தெரியவில்லை. அவன் ஜாமெட்ரியில் போடப்பட்டு, தெரிந்ததையே ஓராண்டு படித்தான். பன்னிரண்டில் கால்குலஸ் (நுண்கணிதம்) எடுக்க ஒரு கோடை விடுமுறையை இழக்க வேண்டியிருந்தது. நீங்கள் பத்தாம் வகுப்புக் கணிதப் பாடநூலின் ஆங்கில வழிப் பிரதியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். சார்புகள், தொடர்வரிசைகள், இருபடிச் சமன்பாடுகள், அணிகள், ஆயத்தொலைவு வடிவியல், முக்கோணவியல் எல்லாம் அதன் பொருளடக்கத்திலேயே தெரியும். அதைக் காட்டி, நிலையறியும் தேர்வு ஒன்று வைக்கும்படி நீங்களே கேளுங்கள். கால்குலஸுக்கு முந்தைய பாடமான பிரீகால்குலஸ் கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

—

பசுமலை ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் எழுதியது:

அம்மா, உசிலம்பட்டித் தம்பி அங்குள்ள நடைமுறையைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆனால் வகுப்பு விஷயத்தில் நான் அவரோடு முழுதும் உடன்படவில்லை. அவர் அங்கேயே தங்கிவிட்டவர். நீங்கள் மூன்று ஆண்டில் திரும்பக்கூடும் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றாண்டு என்பது பத்தில் சேர்த்தால் 2029 மே மாதப் பட்டமளிப்பு வரை இழுக்கும். பணி ஆறு மாதம் முன்னதாக முடிந்துவிட்டால் பிள்ளை இங்கும் இல்லாமல் அங்கும் இல்லாமல் நிற்பாள். பதினொன்றில் சேர்த்தால் 2028இல், 17 வயதில், கையில் பட்டயத்தோடு இருப்பாள். பாடச்சுமை கூடும்தான், ஆனால் நம் பிள்ளைகளுக்குச் சுமை புதிதன்று.

எந்த வகுப்பானாலும் இங்கே திரும்பும் எண்ணம் இருந்தால் அறிவியலில் ஒரு பொறி இருக்கிறது. அங்கே ஆண்டுக்கு ஓர் அறிவியல் என்பதே வழக்கம்: ஓராண்டு உயிரியல், மறு ஆண்டு வேதியியல், அதன்பின் இயற்பியல். இயற்பியலே படிக்காமலும் பட்டயம் வாங்கிவிட முடியும். இங்கே நீட் எழுதவோ பொறியியல் கலந்தாய்வுக்கு வரவோ வேண்டுமானால் அது போதாது. மருத்துவத்துக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் நான்கும் மேல்நிலைக் கல்வியில் இருக்க வேண்டும். பொறியியல் தரவரிசை கணிதத்தின் 100, இயற்பியலின் 50, வேதியியலின் 50 சேர்ந்த 200க்குக் கணக்கிடப்படுகிறது. வெளிநாட்டுப் பட்டயம் பிளஸ் டூவுக்கு இணையானது என்று இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் தரும் இணைச் சான்றிதழும் தேவைப்படும். அந்தச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது பாடங்களின் பெயர் ஒவ்வொன்றாகப் பார்க்கப்படும். எனவே கடைசி இரண்டு ஆண்டுகளில் மூன்று அறிவியலும் கணிதமும் டிரான்ஸ்கிரிப்டில் (பள்ளி தரும் பாட, மதிப்பெண் பதிவில்) தெளிவாகத் தெரியும்படி முதல் நாளே திட்டமிடுங்கள். ஏ.பி. எனப்படும் உயர்நிலைப் பாடங்கள் கிடைத்தால் அவற்றையே எடுக்கட்டும். மே மாதத்தில் தேர்வு வைத்து 1 முதல் 5 வரை தரம் தருகிறார்கள், நம் மேல்நிலைப் பாடங்களோடு ஒப்பிடுவதற்கு அதுவே பொருத்தமானது.

இன்னொன்று. எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்தவர்களிடம் பொறியியல் கலந்தாய்வில் இருப்பிடச் சான்று கேட்பதில்லை. உங்கள் மகள் அந்த வரம்பிலிருந்து விலகிவிடுவாள் என்பதால் திரும்பி வந்தால் அச்சான்று வாங்க வேண்டியிருக்கும். உங்கள் குடும்ப அட்டையில் அவள் பெயர் நீங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சான்றிதழ்கள் பற்றிச் சொல்கிறேன். மாற்றுச் சான்றிதழை இங்கே உயிர்நாடியாகக் கருதுகிறோம். அங்கே அதை ஒரு முறை பார்த்துவிட்டு வைத்துவிடுவார்கள். அவர்கள் கேட்பது எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்பு மதிப்பெண்கள். ஒன்பதாம் வகுப்புக்கு இங்கே யாரும் மதிப்பெண் பட்டியல் கேட்டதில்லை என்பதால் பல பள்ளிகளில் பதிவேட்டைத் தேடித்தான் எழுதித் தர வேண்டியிருக்கும். இப்போதே போய், ஒவ்வோர் ஆண்டின் பாடம், மதிப்பெண், வாரத்துக்கு எத்தனை பாடவேளை என்பவற்றை ஆங்கிலத்தில் எழுதி, தலைமையாசிரியர் கையொப்பத்தோடும் முத்திரையோடும், ஒட்டிய உறையில் மூன்று படிகள் வாங்குங்கள். தேர்ச்சிக்கு 35 போதும் என்பதையும் அதே கடிதத்தில் குறிக்கச் சொல்லுங்கள். அங்கே 90க்கு மேல்தான் 'ஏ' என்பது பொதுவான வழக்கம். நம் பிள்ளையின் 78ஐ அவர்கள் தங்கள் அளவுகோலில் வைத்து 'சி' என்று பதிந்துவிட்டால் நான்குக்குக் கணக்கிடும் ஜி.பி.ஏ. என்ற சராசரித் தரப்புள்ளி அன்றே சரிந்துவிடும். வெளிநாட்டு மதிப்பெண்ணைத் தரமாக மாற்றாமல், தேர்ச்சி என்று மட்டும் பதிந்து கிரெடிட்டைத் தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

அப்பத்தாவிடம் விட்டுச் செல்வதும் தவறான வழியன்று. என் மாணவர்கள் சிலர் அப்படிப் படித்து நன்றாகவே வந்திருக்கிறார்கள். பிள்ளை என்ன சொல்கிறாள் என்று நீங்கள் எழுதவே இல்லையே?

—

எல்லீஸ் நகர் மாணவி எழுதியது:

விடுமுறைக்கு மதுரை வந்திருக்கிறேன். பத்தாம் வகுப்பு நடுவில் போய் அங்கே சேர்ந்தவள் என்பதால், பெரியவர்கள் சொல்லாத சிலவற்றை எழுதுகிறேன்.

முதல் நாள் ஆசிரியர் உள்ளே வந்ததும் நான் எழுந்து நின்றேன். வேறு யாரும் எழவில்லை. ஆசிரியர் எனக்கு ஏதோ உடல்நலக் குறைவு என்று நினைத்து, வெளியே போக வேண்டுமா என்று கேட்டார். உண்மையில் அங்கே ஆசிரியர் வகுப்பு வகுப்பாக வருவதே இல்லை. அவர் தம் அறையில் இருப்பார், மணி அடித்ததும் நாம்தான் ஐந்து நிமிடத்துக்குள் அடுத்த அறைக்கு ஓட வேண்டும். ஒவ்வொரு பாடவேளையிலும் வேறு முகங்கள் இருப்பதால் 'என் வகுப்புத் தோழி' என்று சொல்லிக்கொள்ள நெடுநாள் எனக்கு ஒருவருமில்லை. மிகக் கடினமாக இருந்தது பாடம் அன்று, மதிய உணவு வேளைதான். பெரிய கூடத்தில் ஒவ்வொரு மேசைக்கும் ஏற்கெனவே ஆட்கள் இருப்பார்கள். தட்டை ஏந்திக்கொண்டு எங்கே உட்காருவது என்று நிற்கும் அந்த அரை நிமிடம் இருக்கிறதே, அதை நினைத்துக் காலையிலேயே வயிறு கலங்கும்.

அதற்கு மருந்து ஏதாவது ஒரு குழுவில் சேர்வதுதான். நான் மதுரையில் ஆறு ஆண்டு வயலின் கற்றிருந்தேன், எனவே பள்ளியின் ஆர்கெஸ்ட்ராவில் சேர்ந்தேன். தரையில் அமர்ந்து வாசித்தவள் நாற்காலியில் அமர்ந்து தாளைப் பார்த்து வாசிக்கப் பழக ஒரு செமஸ்டர் ஆனது. ஆனால் ஆர்கெஸ்ட்ரா பாடவேளைக்குள் நடக்கிறது, அதற்குக் கிரெடிட்டும் உண்டு, மதிய உணவுக்கு ஒரு மேசையும் கிடைத்தது. உங்கள் மகளுக்கு விளையாட்டு, ஓவியம், ரோபாட்டிக்ஸ் என்று எதில் ஆர்வமிருந்தாலும் ஆகஸ்டிலேயே பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். கூடைப்பந்து பிடிக்காவிட்டாலும் பார்க்கப் போகட்டும். நாட்டிலேயே மிகப் பெரிய உயர்நிலைப்பள்ளிக் கூடைப்பந்து அரங்குகளில் பெரும்பாலானவை இண்டியானாவில்தான் இருக்கின்றன. போட்டி நாளில் ஊரே அங்கே இருக்கும், அவனியாபுரம் வாடிவாசலுக்கு முன்னால் நிற்கும் கூட்டத்தின் நினைவு எனக்கு வந்தது.

காலையில் கொடிக்கு உறுதிமொழி சொல்வார்கள். நாம் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை; 1943லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைத் தீர்த்து வைத்துவிட்டது. நான் மரியாதைக்கு எழுந்து பேசாமல் நிற்பேன், யாரும் ஒன்றும் கேட்டதில்லை. துப்பாக்கிக்காரர் நுழைந்தால் என்ன செய்வது என்ற ஒத்திகையும் நடக்கும்: விளக்கை அணைத்து, கதவைப் பூட்டி, சுவரோரம் அமர்ந்திருப்போம். இதை அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை.

சேர்க்கைப் படிவத்தில் வீட்டில் பேசும் மொழி எது என்று கேட்பார்கள். தமிழ் என்று எழுதினால் ஆங்கிலத் திறன் தேர்வு வைப்பார்கள், அதனால் சிலர் ஆங்கிலம் என்று பொய் எழுதுகிறார்கள். உண்மையையே எழுதுங்கள். ஆங்கில வழியில் படித்தவள் அதில் எளிதாகத் தேறிவிடுவாள். தேறாவிட்டால் கிடைக்கும் உதவி வகுப்பும் தண்டனையன்று. இண்டியானாவில் பன்மொழித் திறனுக்கு மாநில அரசின் சான்றிதழ் ஒன்று உண்டு, தமிழுக்கும் திறனறித் தேர்வு நடத்தும் அமைப்புகள் இருக்கின்றன. எனவே தமிழை விட்டுவிட வேண்டாம்.

சித்திரைத் திருவிழாவுக்கு வரும் ஆசையை மட்டும் மறந்துவிடுங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் வேளையில் அங்கே ஏ.பி. தேர்வோ அதற்கான படிப்போ நடந்துகொண்டிருக்கும். ஓராண்டில் காரணமில்லாமல் பத்து நாள் வராதிருந்தால் இண்டியானாவில் அதற்குச் சட்டத்திலேயே 'வழக்கமாகப் பள்ளிக்கு மட்டம் போடுபவர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

—

திருநகர்க்காரி எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஐயா கேட்ட பிறகுதான் மகளிடம் உட்கார்ந்து பேசினேன். அப்பத்தாவோடு இருக்க அவளுக்கு விருப்பமில்லை. தம்மைப் பிடிக்காமல் சொல்கிறாளோ என்று அவர் வருந்துவார் என்பதால் என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கிறாள். உசிலம்பட்டி அண்ணன், எல்லீஸ் நகர்த் தங்கை எழுதியவற்றை அவளே படித்துவிட்டுப் பத்தில் சேர்வதாகச் சொல்கிறாள், கணிதம் மட்டும் பதினொன்றின் நிலையில் வேண்டுமாம். கணவரின் பணி ஒப்பந்தத்தைப் பார்த்தோம், 2029 ஜூன் வரை இருக்கிறது. ஐயா சொன்ன அறிவியல் பாடங்களைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டோம். இனி ஒரே ஒரு கேள்வி: தடுப்பூசிச் சான்று கேட்பார்கள் என்கிறார்களே, அவளுக்குச் சிறுவயதில் அரசு மருத்துவமனையில் போட்ட அட்டை இருக்கிறது, அது போதுமா?

—

கே.கே. நகர் செவிலியர் எழுதியது:

போதாது அம்மா, இன்றே தொடங்குங்கள். நம் அரசு அட்டவணையில் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் சேர்த்து எம்.ஆர். போடுகிறோம், அதில் பொன்னுக்கு வீங்கிக்கான பகுதி இல்லை. அங்கே அம்மூன்றும் சேர்ந்த எம்.எம்.ஆர். இரண்டு தவணை கேட்பார்கள். சின்னம்மைக்கு இரண்டு, மஞ்சள் காமாலை 'ஏ' வகைக்கு இரண்டு, மூளைக்காய்ச்சல் தடுப்பூசி ஒன்று ஆகியவையும் இண்டியானாவில் இந்த வகுப்புகளுக்குக் கட்டாயம். அரசு அட்டவணையில் இவை இல்லாததால் தனியார் குழந்தை மருத்துவரிடம்தான் போட வேண்டும். இரணஜன்னி, தொண்டை அடைப்பான், கக்குவான் மூன்றையும் தடுக்கும் டிடேப் (Tdap) ஊசியும் வேண்டும், நாம் போடும் டி.டி. அதற்கு ஈடாகாது. சின்னம்மை ஏற்கெனவே வந்திருந்தால் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள்.

எம்.எம்.ஆரையும் சின்னம்மை ஊசியையும் ஒரே நாளில் போடலாம். ஒரே நாளில் போடாவிட்டால் நான்கு வாரம் இடைவெளி வேண்டும். இரண்டாம் தவணைக்கும் நான்கு வாரம் ஆகும். 'ஏ' வகைக்கான இரண்டாவது ஊசி ஆறு மாதம் கழித்து என்பதால் அதை அங்கே போய்த்தான் போட்டுக்கொள்ள முடியும். முதலாவதன் தேதி அட்டையில் இருக்க வேண்டும். தேதிகளை எழுதும்போது மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதச் சொல்லுங்கள், அங்கே மாதத்தை முன்னாலும் நாளைப் பின்னாலும் வைத்துப் படிப்பார்கள். காசநோய்ப் பரிசோதனை கேட்டால், பி.சி.ஜி. போட்ட பிள்ளைக்குத் தோல் பரிசோதனை தவறாக நோய் இருப்பதாகக் காட்டக்கூடும், எனவே இரத்தப் பரிசோதனை செய்யுமாறு கேளுங்கள்.